மரான்ஸ் முட்டை ஏன் வெளுக்கிறது? கருஞ்சாக்லேட் நிறத்தை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு போவது எப்படி?

கேள்வி இதுதான்: "இங்கிலாந்தில் கெண்ட் பக்கம் வீட்டுத் தோட்டத்தில் காப்பர் பிளாக் மரான்ஸ் வளர்க்கிறேன். மூன்று பெட்டை, ஒரு சேவல். வசந்தத்தில் முட்டை கருஞ்சாக்லேட் நிறத்தில் வந்தது, கோடை முடிவதற்குள் கடையில் கிடைக்கும் சாதாரணப் பழுப்பு முட்டை மாதிரி ஆகிவிட்டது. அந்த முட்டைகளைப் பொரிக்க வைத்ததில் வந்த வெடைக்கோழிகள் இப்போது முட்டை இட ஆரம்பித்திருக்கின்றன, தாயைவிட வெளிறிய முட்டை. முட்டைத் தீவனம்தான் கொடுக்கிறேன், வீட்டில் மிஞ்சும் சோறும் போடுகிறேன். நிறம் வர வேறு என்ன சேர்க்க வேண்டும்?"

எதையும் சேர்க்க வேண்டாம். பாப்பரிக்கா தூள், பீட்ரூட், சாமந்தி இதழ், இரும்புச் சத்து மருந்து என்று யார் எதைச் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சாமந்தியும் மிளகாயும் மஞ்சள் கருவின் நிறத்தை மாற்றும், ஓட்டைத் தொடாது. அப்புறம் அந்தச் சோறு. நீங்கள் இருக்கும் நாட்டில் சமையலறை வழியாக வந்த மிச்சத்தைக் கோழிக்குப் போடுவது சட்டப்படியே கூடாது, வீட்டில் இரண்டு கோழி வைத்திருப்பவருக்கும் அதே சட்டம்தான் (முழுக்க வீகன் சமையலறைக்கு மட்டும் விலக்கு). நிறுத்திவிடுங்கள்.

உங்கள் கேள்விக்குள் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. கோடை முடிவில் முட்டை வெளுத்தது ஒன்று, மகள்கள் தாயைவிட வெளிறிய முட்டை இடுவது இன்னொன்று. முதலாவது நோயும் இல்லை, குறையும் இல்லை, எல்லா மரான்ஸும் அப்படித்தான். இரண்டாவதுதான் சிக்கல். அதற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் சேவல். அவன் முட்டை இடுவதில்லை என்பதால் யாரும் அவனைச் சந்தேகப்படுவதில்லை.

முதலில் நிறம் எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம், மற்றதெல்லாம் அதிலிருந்து புரியும். மஞ்சள் கரு கழன்று விழுந்து முழு முட்டையாக வெளியே வர ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. அதில் 20 மணி நேரம் ஓடு உருவாகும் பையிலேயே கழிகிறது. அங்கே முதலில் சுண்ணாம்பு படிகிறது, நிறத்தில் பெரும்பங்கு கடைசிச் சில மணி நேரத்தில்தான் மேலே ஏறுகிறது. அந்த நிறமியின் பெயர் புரோட்டோபோர்ஃபிரின். ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீம் உருவாவதற்கு ஒரு படி முன்னால் இருக்கும் மூலக்கூறு அது, இரும்பு மட்டும் இன்னும் சேரவில்லை. இரும்பு கொடுத்தால் நிறம் கூடும் என்ற யோசனை எவ்வளவு தலைகீழ் என்று பாருங்கள். நீல முட்டை இடும் அரௌகானா போன்ற இனங்களில் பிலிவெர்டின் என்ற வேறொரு நிறமி ஓடு முழுக்க ஊறியிருக்கும், உடைத்து உள்பக்கம் பார்த்தாலும் நீலம் தெரியும். உங்கள் மரான்ஸ் முட்டையை உடைத்து உள்ளே பாருங்கள், ஏறக்குறைய வெள்ளையாக இருக்கும். சுவருக்குப் பெயின்ட் அடித்தது போல எல்லாம் மேல்பூச்சு. இட்ட கையோடு, ஈரம் காயும் முன்னால் எடுத்தால் விரல் பட்ட இடத்தில் நிறம் இழுபடும். கூட்டுக்குள் கோழியின் நகம் கீறினால் அங்கே வெளிர் கோடு நிற்கும். வினிகர் தொட்ட துணியால் துடைத்தால் துணி பழுப்பாகும். இருட்டு அறையில் புற ஊதா டார்ச் அடித்தால் இந்த ஓடு சிவப்பாக ஒளிரும், பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல வேடிக்கை.

அந்தப் பூச்சு ஒரு முட்டைக்கு இவ்வளவு என்று அளவானது. குளிர்காலம் முழுக்க ஓய்வெடுத்துவிட்டு முட்டை இட ஆரம்பிக்கும் கோழி, அதிலும் முதல் தடவை முட்டை இடும் வெடைக்கோழி, தாராளமாகப் பூசும். அந்த முட்டை சின்னதாகவும் இருப்பதால் குறைந்த பரப்பில் கூடுதல் நிறம் விழுகிறது. வாரம் நாலைந்து முட்டை என்று மாதக்கணக்கில் இட்டுக்கொண்டே போனால், முட்டையும் பெரிதாகிக்கொண்டே போனால், பூச்சு மெலிந்துதான் ஆக வேண்டும். இறகு உதிர்த்து, மறுபடி முளைத்து, சில வாரம் சும்மா இருந்துவிட்டு வந்தால் நிறம் திரும்பும். ஆனால் முதல் பருவத்து முதல் முட்டைகளின் கருமை திரும்ப வருவது அபூர்வம். ஆகவே வசந்தத்தில் எடுத்த போட்டோவை ஆகஸ்ட் முட்டையோடு ஒப்பிட்டு மனம் உடைய வேண்டாம். இன்னொன்று, குளிர்காலத்திலும் முட்டை வேண்டும் என்று கூட்டுக்குள் பல்பு போடுபவர்கள் உண்டு. அந்த ஓய்வைக் கெடுத்துவிட்டு வசந்தத்தில் கருமையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. இந்த இனம் ஆண்டுக்கு 150 முதல் 200 முட்டை இடும் இனம், அதைப் பண்ணைக் கோழி ஆக்காதீர்கள்.

மெதுவாக வெளுப்பதும் திடீரென்று வெளுப்பதும் வேறு வேறு. இரண்டு மூன்று நாளில் எல்லாக் கோழியின் முட்டையும் ஒரேயடியாக வெளிறினால் கவனியுங்கள். நாய் துரத்தியது, கூட்டை மாற்றியது, புதுக் கோழி சேர்த்தது போன்ற பயத்தில் கோழி முட்டையை உள்ளேயே அடக்கி வைத்துக்கொள்ளும், அதன்மேல் கூடுதலாகச் சுண்ணாம்புத் தூள் படிந்து சாம்பல் பூத்த மாதிரி வரும். அது தானாகச் சரியாகிவிடும். ரத்தக்கழிச்சலுக்குக் கறிக்கோழித் தீவனத்தில் கலக்கும் நிகார்பசின் என்ற மருந்து தவறுதலாக முட்டைக்கோழிக்குப் போனால் ஓரிரு நாளிலேயே பழுப்பு முட்டை வெளுத்துவிடும், நிறுத்தினால் திரும்பும். தீவன மூட்டையின் சீட்டைப் படியுங்கள். ஓடு மெலிந்து, சுருங்கி, வெள்ளைக்கரு தண்ணீராகி, கூடவே தும்மலும் இருந்தால் அது தொற்று மூச்சுக்குழல் அழற்சியாக இருக்கலாம். தும்மல் எதுவும் இல்லாமல் நிறம் போய், பிறகு தோல் முட்டையாக விழ ஆரம்பித்தால் முட்டை வீழ்ச்சி நோயைச் சந்தேகப்பட வேண்டும், அதில் முதலில் போவதே நிறம்தான். இந்த இரண்டுக்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள், இணையத்தில் மருந்து தேட வேண்டாம். இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பரண் கம்புகளின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். செஞ்செள் (இரவில் ரத்தம் குடிக்கும் சிவப்பு உண்ணி) இருந்தால் கோழி இரவெல்லாம் ரத்தம் கொடுத்துக்கொண்டிருக்கிறது, நிறம் எங்கிருந்து வரும்?

சரி, மகள்களுக்கு வருவோம்.

மரான்ஸ் என்ற பெயரை வைத்து மட்டும் முட்டை கறுக்காது. அந்த இனம் உருவான கதையே கலப்புக் கதை. பிரான்சின் மேற்குக் கரையில் லா ரோஷெல்லுக்கு வடகிழக்கே உள்ள சதுப்புநிலத் துறைமுக ஊர் மரான். அங்கே வந்துபோன கப்பல்களில் இருந்த சண்டைச் சேவல்கள் உள்ளூர்ப் பெட்டைகளோடு கலந்தன என்று சொல்வார்கள். அதன் மேல் லாங்ஷான் ரத்தம் சேர்ந்தது. குரோட் என்ற ராணுவ மேஜர் 1872இல் வட சீனாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த பெரிய கறுப்புக் கோழி அது, காலில் இறகு, பழுப்பு முட்டை. மரான்ஸுக்கு இரண்டும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தன. 1929இல் கிரீன்வே பிரபு பாரிசிலிருந்து முட்டைகளை இங்கிலாந்துக்கு எடுத்துப் போனார். ஆங்கிலேயர்கள் காலில் இறகில்லாத பறவைகளைத் தேர்ந்தெடுத்து, புள்ளி வரி போட்ட குக்கூ நிறத்தை வளர்த்தெடுத்தார்கள், அது தனி வழியாகப் போய்விட்டது. பிரெஞ்சுக்காரர்கள் கால் இறகை வைத்துக்கொண்டார்கள். அமெரிக்கக் கோழி வளர்ப்புச் சங்கம் உங்களிடம் இருக்கும் காப்பர் பிளாக் வகையை ஏற்றுக்கொண்டதே 2011இல்தான். இத்தனை கிளையாகப் பிரிந்திருக்கும்போது ஒரே பெயரில், ஒரே இறகு நிறத்தில் இருக்கும் இரண்டு கோழிகளின் முட்டை நிறம் மலைக்கும் மடுவுக்குமாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

இறகைப் பார்த்து வளர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்தைப் பார்க்கலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் சந்தையில் பழுப்பு முட்டைக்கு நல்ல விலை கிடைத்தது, டச்சு விவசாயிகள் அதற்காகவே கோழி வளர்த்தார்கள். பார்னவெல்ட் ஊரில் லாங்ஷான், பிரம்மா போன்ற ஆசியக் கோழிகளை உள்ளூர்க் கோழியோடு சேர்த்து பார்னவெல்டர் வந்தது. ஐசல் ஆற்றங்கரை வெல்சும் கிராமத்தில் வெல்சமர் வந்தது. பார்னவெல்டரின் இறகில் இரட்டைக் கரை போட்ட அழகு இருக்கிறது, ஒவ்வொரு இறகிலும் கறுப்புக் கரைக்குள் இன்னொரு கறுப்புக் கரை. கண்காட்சிக்காரர்கள் அதில் மயங்கி, தலைமுறை தலைமுறையாகக் கரையைப் பார்த்தே சேவலைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்றைக்கு அழகான பார்னவெல்டர் பலவற்றின் முட்டை வெறும் இளம்பழுப்பு. வெல்சமரை முட்டைக்காகவே வைத்திருந்தவர்களிடம் செங்கல் நிற ஓட்டில் கரும்புள்ளி தெறித்த முட்டை இன்னும் வருகிறது. பழுப்பு நிறத்தை ஒரு மரபணு மட்டும் தீர்மானிப்பதில்லை, பல சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகின்றன. அதனால் கவனிக்காமல் விட்டால் கொஞ்சம் கொஞ்சமாகவே நழுவியும் போகும், ஒரு தலைமுறையில் யாருக்கும் தெரியாது. (செவிமடல் வெள்ளையாக இருந்தால் வெள்ளை முட்டைதான் என்று ஒரு பேச்சு உண்டு. கட்டலோனியாவின் பெனெடெசென்கா கோழிக்கு மடல் வெள்ளை, முட்டை மரான்ஸோடு போட்டி போடும் கருமை. மடலைப் பார்த்து முட்டையைச் சொல்லாதீர்கள்.)

இப்போது உங்கள் சேவல். மூன்று பெட்டைகளும் கரும் முட்டை இட்டன, அது உங்களுக்குத் தெரியும். சேவல் எந்த முட்டையிலிருந்து வந்தான், அவன் அக்கா தங்கைகள் என்ன நிற முட்டை இடுகிறார்கள், அவன் அப்பனின் மற்ற மகள்கள் எப்படி? இந்த மூன்றில் ஒன்றுக்காவது பதில் இருக்கிறதா? உங்கள் எல்லாக் குஞ்சுகளிலும் பாதி அவன். ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் குரோமோசோம்களில், பெண் குஞ்சுக்கு இசட் அப்பனிடமிருந்து மட்டுமே வருகிறது, தாய் கொடுப்பது டபிள்யூ. ஆகவே இசட்டில் என்ன இருக்கிறதோ அது முழுக்க அவன் சொத்து. கொண்டை நிமிர்ந்து, கழுத்து இறகு செம்பாக ஜொலித்து, கண் ஆரஞ்சாக, கால் சாம்பல் நிறமாக, வெளி விரல் வரை இறகோடு எல்லாம் தரத்துக்கு ஏற்ப இருந்தாலும் அவன் ரத்தத்தில் வெளிறிய முட்டை இருந்தால் மகள்கள் நடுத்தரத்தில்தான் வந்து நிற்பார்கள். உங்களுக்கு நடந்தது அதுவே.

சேவலைச் சோதிக்க ஒரே வழி அவன் மகள்களின் முட்டை. இங்கேதான் பெரும்பாலோர் பொறுமை இழக்கிறார்கள். மரான்ஸ் மெதுவாக வளரும் இனம், வெடைக்கோழி முட்டைக்கு வர ஆறேழு மாதம் பிடிக்கும். வசந்தத்தில் பொரித்த குஞ்சு இலையுதிர் காலத்தில் முட்டை இடும்போது அப்பனைச் சண்டைக்காரன், சத்தம் போடுகிறான், பக்கத்து வீட்டார் புகார் என்று ஏற்கெனவே குழம்பில் போட்டிருப்பார்கள். மகள்கள் அருமையான முட்டை இட்டால் பிறகு யாரிடம் போவது? நல்ல நம்பிக்கை தரும் சேவலை மகள்களின் முட்டையைப் பார்க்கும் வரை கட்டாயம் வைத்திருங்கள், மூன்று நான்கு வயது வரை அவன் வேலைக்கு ஆவான். மோசம் என்று தெரிந்தவனை வைத்திருக்க வேண்டியதில்லை, உங்களுடையவன் அந்த வரிசையில் வந்துவிட்டான் என்றே நினைக்கிறேன். ஒரு எச்சரிக்கை: சேவலை மாற்றிய மறுநாளே முட்டை பொறுக்கி அடைவைக்காதீர்கள். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடம்பில் இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும். மூன்று வாரம் முழுதாகப் போகட்டும்.

அடுத்தது, எந்த முட்டை எந்தக் கோழியுடையது என்று தெரிய வேண்டும். மூன்று கோழி என்றால் கண்ணே பழகிவிடும். ஒன்று உருண்டையாக இடும், ஒன்று கூர் முனையாக, ஒன்றின் முட்டையில் அகன்ற பக்கம் மட்டும் புள்ளி தெறித்திருக்கும், ஒவ்வொரு கோழிக்கும் ஒரு கையெழுத்து. மகள்களும் சேர்ந்துவிட்டால் கண் போதாது. கோழி உள்ளே போனதும் கதவு விழுந்து மூடும் பொறிக்கூடு பழைய முறை, நல்ல முறை, ஆனால் ஒவ்வொரு மணி நேரமும் போய்த் திறந்துவிட ஆள் வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அதைச் செய்தாலும் பரவாயில்லை. இல்லாவிட்டால் உணவு நிறத்தை வாஸ்லினில் குழைத்து ஒவ்வொரு கோழிக்கும் ஒரு நிறமாக மலவாயைச் சுற்றித் தடவிவிடுங்கள், முட்டையில் ஒரு கோடு விழும். காலில் எண் வளையம், ஒரு நோட்டு, தேதி, எடை, நிற எண். நோட்டு இல்லாமல் நினைவை நம்பி இனவிருத்தி செய்தால் பிடித்த கோழியின் முட்டைதான் எப்போதும் கறுப்பாகத் தெரியும்.

நிற எண் என்றது பிரெஞ்சு மரான்ஸ் சங்கத்தின் அட்டை, 1 முதல் 9 வரை. 4க்குக் கீழே இருந்தால் அது மரான்ஸ் முட்டையாகவே கணக்கில்லை. 9 கிட்டத்தட்டக் கறுப்பு, எப்போதாவது வரும். அட்டையை அச்சிட்டு வைத்துக்கொண்டு, வெயில் நேராக விழாத ஜன்னலோரம், பகல் வெளிச்சத்தில், முட்டையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கைபேசி கேமரா தன் இஷ்டத்துக்கு நிறத்தைத் திருத்தும், விற்பவர்கள் போடும் படங்களில் முக்கால்வாசி அந்த மாயம்தான். முட்டையை நனைத்துப் படம் எடுத்தாலும் இரண்டு எண் கறுத்துத் தெரியும். பார்த்த முட்டைகளை வெயிலில் வைக்காதீர்கள், வெளுத்துவிடும்.

எப்போது எண் போடுவது என்பது எண்ணைவிட முக்கியம். முதல் முட்டையைப் பார்த்துக் கோழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஏமாறுவார்கள், முதல் முட்டை எல்லாக் கோழிக்கும் அழகுதான். முட்டை இட ஆரம்பித்து மூன்று நான்கு மாதம் கழித்து, முழு வேகத்தில் இட்டுக்கொண்டிருக்கும்போது, இன்னும் 5, 6இல் நிற்கிற கோழியே உங்களுக்கு வேண்டியது. கூடவே வாரத்துக்கு எத்தனை இடுகிறது என்று பாருங்கள். வாரம் ஒன்று இட்டு 8இல் நிற்கிற கோழிக்கும் வாரம் நான்கு இட்டு 6இல் நிற்கிற கோழிக்கும் நடுவில் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். நிறத்தை மட்டும் துரத்தியவர்கள் சில தலைமுறையில் முட்டையே இடாத கோழிகளோடு நிற்கிறார்கள். முட்டை எடையும் 65 கிராமுக்குக் குறையக் கூடாது. சின்ன முட்டையில் கருமை காட்டுவது பெரிய காரியமில்லை.

பொரிக்க வைக்கும் விஷயத்தில் கரும் முட்டைக்கு என்று தனிக் குணம் உண்டு. அந்த மேல்பூச்சு ஓட்டின் துளைகளையும் மூடுகிறது, அதனால் ஈரம் வெளியேறுவது குறைவு. வழக்கமான ஈரப்பதத்தில் வைத்தால் உள்ளே தண்ணீர் தங்கி, காற்றறை சின்னதாகி, குஞ்சு ஓட்டைக் குத்தும் சமயத்தில் மூச்சுமுட்டிச் சாகும். மரான்ஸ் பொரிப்பு விகிதம் மோசம் என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம். இன்குபேட்டரில் 37.5 டிகிரி, முதல் 18 நாள் ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதம் போதும், பல இடங்களில் தண்ணீரே ஊற்ற வேண்டியிருக்காது. ஈரமானியை நம்புவதைவிடத் தராசை நம்புங்கள். வைக்கும்போது 70 கிராம் இருந்த முட்டை 18ஆம் நாள் 61, 62 கிராமுக்கு வந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு தடவை எடை போட்டால், இறக்கம் போதாது என்றால் தண்ணீரைக் குறைக்கலாம், அதிகம் என்றால் கூட்டலாம். 18ஆம் நாளோடு உருட்டுவதை நிறுத்தி, ஈரத்தை 65க்கு மேல் ஏற்றி, மூடியைத் திறக்காமல் இருங்கள்.

வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பதும் இதில் சிரமம். ஏழாம் நாள் நரம்பு தெரியவில்லை என்று கூமுட்டையாக நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள், உள்ளே குஞ்சு இருந்திருக்கும். பத்தாம் நாள் வரை பொறுங்கள். அறையை நன்றாக இருட்டாக்கி, பலமான டார்ச்சை அகன்ற முனையில் ஒட்ட வைத்துக் காற்றறையின் விளிம்பைப் பாருங்கள். விளிம்பு தெளிவாக, கீழே முழுக்க இருட்டாக இருந்தால் குஞ்சு வளர்கிறது. 8, 9 எண் முட்டைகளில் அதுவும் தெரியாது, முகர்ந்து பார்த்து நாற்றம் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். அடைவைக்கும் முட்டையைக் கழுவவே கூடாது, அழுக்கானதை எடுக்கவும் கூடாது. ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள், 15 டிகிரி சுற்றிலும் குளிர்ந்த இடம் நல்லது. ஓட்டில் சுண்ணாம்பு மேடு தட்டியது, சொரசொரப்பானது, மிக நீளமானது, இவை எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் வேண்டாம்.

உங்களிடம் இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்றால், மூன்று தாய்களில் கோடை முடிவிலும் அதிகம் வெளுக்காத கோழி ஒன்று இருக்கும், அதைக் கண்டுபிடியுங்கள், இனி உங்கள் வம்சம் அதிலிருந்துதான். தெரிந்த வளர்ப்பாளரிடம், நேரில் போய், அவர் கூட்டிலிருந்து அன்றைக்கு எடுத்த முட்டைகளைப் பார்த்து, கரும் முட்டையில் பிறந்த சேவலை வாங்குங்கள். வேண்டுமானால் ஆகஸ்டில் போங்கள், வசந்தத்தில் எல்லார் வீட்டிலும் முட்டை கறுப்புதான். அந்தச் சேவலுக்கும் அந்தப் பெட்டைக்கும் பிறக்கும் மகள்களில் சிறந்தவளை மறுபடி அப்பனோடு சேர்க்கலாம், ஒரு மகனைத் தாயோடு சேர்க்கலாம், கோழியில் இது வழக்கமான முறைதான், நிறம் நிலைப்படுவதற்கு உதவும். ஆனால் அண்ணன் தங்கையை மட்டும் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக்கொண்டே போகாதீர்கள். கருக்கூடியும் பொரிக்காத முட்டை அதிகமானால், குஞ்சுகள் சோம்பினால், ரத்தம் நெருங்கிவிட்டது என்று பொருள், அதே வழியில் வந்த வெளி ரத்தம் கொண்டுவர வேண்டும். இறகுக் குறைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், சேவலின் மார்பில் செம்பு கொஞ்சம் கூடுதல் என்றால் இரண்டு தலைமுறையில் சரி செய்யலாம். மஞ்சள் கால் மட்டும் வேண்டாம், அது வேறு இனம் கலந்ததற்கு அடையாளம்.

சேவலைத் தேடும்போது அஞ்சலில் வரும் பொரிப்பு முட்டைகளையும் யோசிப்பீர்கள். குலுங்கி வரும் முட்டையில் காற்றறை கழன்றுவிடும், பாதி பொரித்தாலே அதிர்ஷ்டம். வாங்கினால் கூர் முனை கீழே இருக்க ஒரு நாள் அசையாமல் வைத்துவிட்டு அடைவையுங்கள். ஊரில் சிறுவிடைக் கோழியோடு சேர்த்துக் கரும் முட்டை எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நாட்டுக்கோழி முட்டை இளம் சந்தன நிறம், சேர்த்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு பழுப்பு வரும், அவ்வளவே. கடக்நாத் கறி கறுப்பு என்பதால் முட்டையும் கறுப்பு என்று படம் போட்டு விற்கிறார்கள். கடக்நாத் முட்டை வெளிர் பழுப்பு, யாரிடமும் அந்தக் கறுப்பு முட்டைக்குக் காசு கொடுக்காதீர்கள். சத்து விஷயத்திலும் ஓட்டின் நிறத்துக்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை.

வெளிறிய முட்டை இடும் அந்த வெடைக்கோழிகளை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். அவற்றைக் கரும் முட்டை வம்சத்தில் திரும்பச் சேர்க்காமல், நீல முட்டை இடும் கிரீம் லெக்பார் இனத்துச் சேவல் ஒன்றோடு தனிக் கூட்டில் விடுங்கள். இரண்டு பக்கமும் நீல மரபணு வாங்கிய சேவலாக இருந்தால் மகள்கள் எல்லாம் ஆலிவ் பச்சை முட்டை இடும், நீல ஓட்டின் மேல் பழுப்புப் பூச்சு. உங்கள் பக்கத்தில் அரை டஜன் பெட்டியில் இரண்டு பச்சை முட்டை கலந்து வைத்தால் வாசலில் வைத்த மேஜையிலிருந்து காலையிலேயே தீர்ந்துவிடும், தீவனச் செலவு அதிலேயே வந்துவிடும்.